நுவரெலியாக் குளிரில் வானுக்குள் ஹீற்றர்: கண்ணாடியை மூடலாமா?

2024.12.09, வெள்ளவத்தை

டொயோட்டா கேடிஎச் நீள வான். பின் இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் அடித்தாகிவிட்டது. பொங்கல் லீவுக்கு அம்பேவெல பக்கம் இரண்டு இரவு, நான், மனைவி, 6 வயது மகன். குளிருக்கு மூன்று வழி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, புறக்கோட்டையில் விற்கும் சின்ன காஸ் ஹீற்றர். ஒட்சிசன் குறைந்தால் தானே நின்றுவிடும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. சென்சர் இருப்பதால் கண்ணாடியை முழுக்க மூடிப் படுக்கலாம் என்பது என் எண்ணம். இரண்டு, சீனத்து டீசல் ஹீற்றர், 5 கிலோவாட். பூட்டுகிற வேலைதான் கூட. மூன்று, ஒன்றும் சரிவராவிட்டால் பார்பிகியூ சட்டியில் சிரட்டைக் கரி. நன்றாகத் தணல் ஆனபிறகு உள்ளே வைத்தால் புகை வராதுதானே?

2024.12.09, மருதானை

மூன்றாவதை இப்போதே விட்டுவிடுங்கள். மற்ற இரண்டையும் பிறகு பேசலாம்.

புகை அடங்கிச் சாம்பல் பூத்த தணல்தான் காபன் மொனொக்சைட்டைக் கூடுதலாக விடும். கரியின் நடுவில் உண்டாகும் காபனீரொட்சைட்டு, மேலே சிவந்திருக்கும் கரியைத் தொட்டு மொனொக்சைட்டாக மாறி வெளியே வருகிறது. மணமில்லை, நிறமில்லை, கண்ணும் எரியாது. உங்கள் வானுக்குள் ஏறக்குறைய 8 கன மீற்றர் காற்று இருக்கும். அதில் 1600 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கு காற்றில் 1600 பங்கு) மொனொக்சைட்டு சேர்ந்தால் 20 நிமிடத்தில் தலைவலி, மயக்கம். இரண்டு மணித்தியாலத்துக்குள் உயிர் போகலாம். அந்த அளவுக்கு மொத்தம் 13 லீற்றர் மொனொக்சைட்டு போதும். அதாவது 6 அல்லது 7 கிராம் கரி அப்படி மாறினாலே சரி. ஒரு சிரட்டைத் துண்டின் நிறைகூட இல்லை.

குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு மொனொக்சைட்டு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிற ஆளுக்கு எழும்பவேண்டும் என்ற உணர்வே வராது. குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு எடுப்பதால் முதலில் பாதிக்கப்படுவதும் குழந்தைதான்.

வெளியே சமைத்துவிட்டு, "அணைந்துவிட்டது" என்று சட்டியை வானுக்குள் எடுத்து வைப்பதும் இதே ஆபத்து. சாம்பலுக்குள் கரி மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையால் தொட்டுக் குளிர்ந்த பிறகும் வெளியிலேயே இருக்கட்டும்.

2024.12.09, மருதானை

காஸ் ஹீற்றர். பெட்டியில் எழுதியிருப்பது பொய்யில்லை. ஆனால் நீங்கள் நினைக்கும் வேலையை அந்தச் சென்சர் செய்வதில்லை. அது மொனொக்சைட்டை அளப்பதே இல்லை. எப்போதும் எரியும் சின்னப் பைலட் சுடர் ஒன்று, சூட்டில் சிறு மின்சாரம் தந்து வால்வைத் திறந்து வைத்திருக்கும் வெப்ப இணையொன்றைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். ஒட்சிசன் சுமார் 18 சதவீதத்துக்கு இறங்கும்போது சுடர் நிலை தவறி, இணை குளிர்ந்து, வால்வு மூடும். இதுதான் முழுப் பொறிமுறை. பேர்னரில் தூசி அடைத்தாலோ, காஸ் அழுத்தம் பிழைத்தாலோ, ஒட்சிசன் 20 சதவீதம் இருக்கும்போதே மொனொக்சைட்டு வரும். சென்சருக்குத் தெரியாது.

கணக்கு இது. 1 கிலோவாட் சூட்டுக்கு மணிக்குச் சுமார் 78 கிராம் காஸ் எரியும். அது விழுங்குவது 210 லீற்றர் ஒட்சிசன், விடுவது 130 லீற்றர் காபனீரொட்சைட்டு, கூடவே 125 மில்லிலீற்றர் தண்ணீர் ஆவியாக. முழுக்க மூடிய 8 கன மீற்றரில் 18 சதவீதத்துக்கு இறங்க 65 நிமிடம். அதற்குள் காபனீரொட்சைட்டு ஒன்றரை சதவீதத்தைத் தாண்டியிருக்கும். தொழிற்சாலைகளில் 8 மணித்தியாலத்துக்கு அனுமதிக்கும் அளவு அரை சதவீதம்தான். சென்சர் வேலை செய்யும் நேரத்தில் தலை ஏற்கெனவே பாரமாகியிருக்கும்.

அந்தத் தண்ணீரையும் மறக்கவேண்டாம். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீர் வரும். குளிர்ந்த தகட்டிலும் கண்ணாடியிலும் அது வழியும், மெத்தை நனையும், கூரைத் தகட்டின் மடிப்பில் துரு பிடிக்கும். காஸ் ஹீற்றர் போட்டவர்கள் "சூடுதான், ஆனால் ஒரே ஈரக்குளிர்" என்று சொல்வது இதனால்தான்.

2024.12.10, தெஹிவளை

மேலே உள்ள 65 நிமிடம் கொழும்புக் கணக்கு. அம்பேவெல 1800 மீற்றருக்கு மேல். அங்கே செல்லாது.

2024.12.10, மருதானை

தெஹிவளைக்காரர் சொன்னது சரி. திருத்துகிறேன். நுவரெலியா நகரம் 1868 மீற்றர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் 80 சதவீதம் அளவே. சதவீதம் அதே 21 ஆனாலும் ஒவ்வொரு லீற்றரிலும் உள்ள ஒட்சிசன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 65 நிமிடம் 52 ஆகிறது. கட்டில், அலுமாரி, மெத்தை, மூன்று பேர் எல்லாம் சேர்ந்து 2 கன மீற்றரை அடைத்திருப்பார்கள். அதையும் கழித்தால் 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வானும் முழுக்க அடைபடாது, கதவு ரப்பர் வழியே காற்று கசியும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கசிவு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. காற்று அசையாத இரவில் ஏறத்தாழ ஒன்றுமில்லை.

உயரத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. இப்படிப்பட்ட ஹீற்றர்களின் கையேட்டில் 7000 அடிக்கு மேல் தானே நின்றுவிடலாம் என்று எழுதியிருப்பார்கள். ஹோர்ட்டன் சமவெளி அந்த உயரம்தான். அங்கே கொண்டுபோனவர் "சென்சர் பழுது" என்று நினைத்து வெப்ப இணையைச் சுற்றி வயர் போட்டு நேராக்கிவிடுவார். அதன்பிறகு அந்தப் பெட்டியில் பாதுகாப்பு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

எனவே காஸ் ஹீற்றரைப் பற்றி என் முடிவு: விழித்திருக்கும்போது, வானுக்கு வெளியே, காலைச் சூடேற்ற மட்டும் பாவியுங்கள். படுக்கிற இடத்தில் வேண்டாம். வினையூக்கி வகை, தீச்சுடர் தெரியாத வகை எல்லாவற்றுக்கும் இதே முடிவுதான். மொனொக்சைட்டு குறையலாம், ஒட்சிசன் உள்ளிருந்துதான் போகிறது.

2024.12.10, கொட்டாஞ்சேனை

சமையல் குக்கரையே பற்றவைத்துச் சூடேற்றினால்?

2024.12.10, மருதானை

அதைவிட மோசம். ஒட்சிசன் சென்சரும் இல்லை. மேலே அடி குளிர்ந்த பெரிய சட்டி இருந்தால் சுடர் அதில் மோதிக் குளிர்ந்து, எரிவது பாதியில் நின்று, மொனொக்சைட்டு கூடும். சுடர் மஞ்சளாகி, சட்டியின் அடி கறுத்தால் அதுதான் அடையாளம். சமைக்கும் நேரம் மட்டும், கூரைத் துவாரமும் ஒரு கண்ணாடியும் திறந்து, முடிந்ததும் அணைத்துவிடவேண்டும்.

220 கிராம் பியூட்டேன் டின் போடும் குக்கர் என்றால் இன்னொன்று. பியூட்டேனின் கொதிநிலை பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழே. காலை 6 பாகைக் குளிரில் டின் எரிய எரிய மேலும் குளிர்ந்து சுடர் சோர்ந்துவிடும். அதற்காக டின்னை மற்றைய அடுப்பின் பக்கத்தில் வைத்துச் சூடாக்குவது, டின் பெட்டியை மறைக்கும் அகலமான தாச்சி வைப்பது இரண்டும் டின்னை வெடிக்க வைக்கும். இரவில் டின்னைப் போர்வைக்குள் வைத்து எடுத்தால் காலையில் ஒழுங்காக எரியும்.

2024.12.12, மருதானை

டீசல் ஹீற்றர். உங்களுக்குப் பொருத்தம் இதுதான். காரணம் ஒன்றே: எரிவதற்கான காற்றை வானுக்கு வெளியே இருந்து எடுக்கிறது, புகையை வெளியே விடுகிறது. நீங்கள் மூச்செடுக்கும் காற்று வெப்ப மாற்றியின் மறுபக்கத்தால் மட்டும் போகிறது. இரண்டு காற்றும் கலக்கக்கூடாது. பூட்டுகிற வேலை முழுவதும் அந்தப் பிரிவைக் காப்பாற்றுவதற்குத்தான்.

முதலில் அளவு. 5 கிலோவாட் வாங்காதீர்கள். உங்கள் வானின் உள்தகடு ஏறக்குறைய 25 சதுர மீற்றர். வெளியே 8 பாகை, உள்ளே 18 பாகை என்றால், ஒன்றும் ஒட்டாத வெறும் தகட்டுக்கு 1400 வாட் போதும். 20 மில்லிமீற்றர் நுரைத்தகடு ஒட்டிக் கண்ணாடிகளுக்குத் திரை போட்டால் 600 வாட். 5 கிலோவாட் ஹீற்றர் இரவு முழுக்க ஆகக் குறைந்த நிலையில் இழுபட்டு, எரிகலன் சூடேறாமல் புகைக்கரி படியும். 2 கிலோவாட் எடுத்தால் அது நடுநிலையில் சுத்தமாக எரியும். செலவும் குறைவு: மணிக்கு 0.12 முதல் 0.24 லீற்றர் டீசல், இரவுக்கு ஒன்று அல்லது ஒன்றரை லீற்றர். ஓடும்போது 15 முதல் 30 வாட் மின்சாரம். பற்றவைக்கும் முதல் சில நிமிடம் மட்டும் குளோ பிளக் 8 முதல் 10 அம்பியர் இழுக்கும்.

பூட்டும் இடம்: பயணி இருக்கைக்கு அடியிலோ கட்டிலுக்கு அடியிலோ, தரையோடு. புகைக்குழாய், எரிகாற்றுக் குழாய், டீசல் குழாய் மூன்றும் தரையை ஊடறுத்து நேராகக் கீழே போகவேண்டும். புகைக்குழாயின் ஒரு மூட்டுக்கூட வானுக்குள் இருக்கக்கூடாது. அடித்தட்டின் ரப்பர் கஸ்கட் மடிந்து நிற்காமல், தரை வரியோடியிருந்தால் தட்டையான தகடு ஒன்று வைத்து அதன்மேல் இறுக்குங்கள். பழைய சோனகத் தெருவில் 3 மில்லிமீற்றர் தகடு வெட்டித் தருவார்கள்.

புகைக்குழாய் 24 மில்லிமீற்றர் துருப்பிடிக்கா உருக்கு. ஹீற்றரிலிருந்து முனை வரை சரிவாக இறங்கவேண்டும். நடுவில் தொங்கினால் அங்கே தண்ணீர் தேங்கி அடைக்கும். தவிர்க்க முடியாத தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீற்றர் ஓட்டை. பெட்டியோடு வரும் சைலன்சரில் அந்த ஓட்டை ஏற்கெனவே இருக்கும், மூட்டுகளும் கசியும். அதனால்தான் சைலன்சரை உள்ளே பூட்டக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். முனை வானின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டவேண்டும். அடியிலேயே விட்டால் புகை தரையின் கீழ் தேங்கி, பின்கதவு ரப்பர் வழியாக உள்ளே ஏறும். திறக்கும் கண்ணாடிக்கு நேர் கீழேயும் வேண்டாம், முன்பக்கம் பார்த்தும் வேண்டாம். எரிகாற்றுக் குழாயின் வாயிலிருந்து குறைந்தது அரை மீற்றர் தள்ளியிருக்கட்டும், இல்லையென்றால் தன் புகையையே குடித்துக் கரி பிடிக்கும்.

டீசல் பம்பை வெளியேறும் முனை மேல்நோக்கிச் சரிவாக இருக்கும்படி பூட்டுங்கள். கிடையாக வைத்தால் காற்றுக்குமிழி மாட்டிச் சுடர் விட்டு விட்டு எரியும். வயருக்கு 4 சதுர மில்லிமீற்றர், பற்றரிக்குப் பக்கத்திலேயே 15 அல்லது 20 அம்பியர் பியூஸ்.

அணைக்கும்போது சுவிட்சை மட்டும் போடுங்கள். விசிறி மூன்று முதல் ஐந்து நிமிடம் தானே ஓடி எரிகலனைக் குளிரவைக்கும். அதற்குள் பற்றரி இணைப்பை வெட்டினால் உள்ளே சூடு தேங்கி, பிளாஸ்ரிக் விசிறியும் கஸ்கட்டும் உருகும். உருகிய கஸ்கட் வழியாகத்தான் பிறகு புகை உள்ளே வரும்.

2024.12.12, வெள்ளவத்தை

எல்லாம் ஒரே பெட்டிக்குள் வரும் வகை ஒன்றும் இருக்கிறதே. தரையில் ஓட்டை போடாமல், பெட்டியை உள்ளே வைத்துப் புகைக்குழாயைக் கண்ணாடி வழியே விட்டால்?

2024.12.12, தெஹிவளை

நான் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் கூடப்பேர் செய்கிறார்கள். பெட்டிக்குள் 5 லீற்றர் பிளாஸ்ரிக் டீசல் தாங்கி, அதற்கு ஒரு சாண் தள்ளி 200 பாகைக்கு மேல் சூடான குழாய், மூட்டு முழுக்க உங்கள் மூக்குக்குக் கீழே. உள்ளே வேண்டாம். வெளியே வைத்து, சூட்டுக் குழாயை மட்டும் கண்ணாடி வழியே உள்ளே விடலாம். ஆனால் வெளியே வைத்தாலும் ஒரு பொறி இருக்கிறது: சூடாக்கவேண்டிய காற்றை இழுக்கும் வாயும் புகைமுனையும் அந்தப் பெட்டியில் ஒரு முழத் தூரம்கூட இல்லை. காற்றுத் திசை மாறினால் புகையை இழுத்து, சூடாக்கி, உங்கள் கட்டிலுக்கே அனுப்பும். புகைக்குழாயை ஒன்றரை மீற்றராவது நீட்டிக் காற்று போகும் திசைக்கு விடுங்கள். முடிந்தால் வானின் உள்ளிருந்தே காற்றை இழுக்க இரண்டாவது குழாய் போடுங்கள்.

2024.12.14, மருதானை

உயரத்தை டீசலிலும் கணக்கில் எடுக்கவேண்டும். முந்தைய குறிப்பில் விட்டுப்போனது. ஐரோப்பியத் தயாரிப்புகளின் கையேடுகள் பொதுவாக 1500 மீற்றர் வரைதான் தடையில்லாப் பாவனை என்கின்றன. அதற்கு மேல் நீண்ட நேரம் ஓட உயரத்துக்கான திருத்தம் வேண்டும். காற்று 20 சதவீதம் மெலிந்திருக்க, பம்ப் அதே அளவு டீசலைத் தள்ளினால் சுடர் புகைந்து கரி படியும். சில மணித்தியாலத்திலேயே பற்றவைக்க மறுக்கும்.

சீனத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் பம்பின் துடிப்பு வேகத்தையும் விசிறிச் சுற்றையும் தனித்தனியே மாற்றலாம். நுவரெலியாவுக்கு ஏறியதும் பம்பின் கூடிய, குறைந்த வேகம் இரண்டையும் ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள். உச்ச வேகம் 5 என்று இருந்தால் 4. விசிறியைத் தொடவேண்டாம். கொழும்புக்கு இறங்கியதும் பழைய எண்ணுக்கு வாருங்கள், அல்லாவிட்டால் சூடு போதாது. இரண்டு எண்களையும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பின்னால் எழுதி ஒட்டுங்கள். அணைப்பதற்கு முன் 10 முதல் 15 நிமிடம் முழு வேகத்தில் விட்டால் படிந்த கரி எரிந்துபோகும்.

2024.12.17, கொட்டாஞ்சேனை

டீசல் ஹீற்றர் வெளிக்காற்றில்தானே எரிகிறது. அப்படியானால் கண்ணாடியை மூடலாம்தானே? வெள்ளவத்தைக்காரரின் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

2024.12.17, மருதானை

மூடக்கூடாது. இதைத்தான் தெளிவாகச் சொல்லவேண்டும்.

காற்று வேண்டுவது ஹீற்றருக்கு மட்டுமில்லை, படுத்திருக்கும் மூன்று பேருக்கும் வேண்டும். தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்கு 12 முதல் 15 லீற்றர் காபனீரொட்சைட்டு விடுவார். இரண்டு பேரே எட்டு மணித்தியாலம் அடைபட்ட வானில் படுத்தால் இரண்டரை சதவீதத்துக்கு ஏறும். மூச்சில் போகும் ஈரம் ஒரு இரவுக்கு அரை லீற்றருக்கு மேல். காலையில் கண்ணாடியில் வழிவது மார்கழிப் பனி இல்லை, உங்கள் மூச்சு.

சூடு போய்விடும் என்ற பயத்தில்தான் எல்லோரும் மூடுகிறார்கள். அந்தப் பயத்தை எண்ணில் போட்டுப் பாருங்கள். மணிக்கு 30 கன மீற்றர் புதுக்காற்று வந்தால், உள்ளுக்கும் வெளிக்கும் 10 பாகை வித்தியாசத்தில் இழக்கும் சூடு 100 வாட். நுவரெலியாவின் மெலிந்த காற்றில் 80 வாட். பழைய குண்டு பல்ப் ஒன்றின் சூடு. 2 கிலோவாட் ஹீற்றர் வைத்துக்கொண்டு அந்த 80 வாட்டுக்காகக் காற்றை அடைப்பதில் எந்த இலாபமும் இல்லை.

துவாரம் மேலேயும் கீழேயும் இரண்டு வேண்டும். சூடான காற்று மேலே போக, குளிர்ந்தது கீழே வரும். ஒன்று மட்டும் இருந்தால் ஓட்டம் நடக்காது. ஐரோப்பிய ஈஎன் 721 தரம், 5 சதுர மீற்றர் வரை தரையுள்ள வாகனத்துக்குக் கூரையில் 75 சதுர சென்டிமீற்றரும் கீழே 10 சதுர சென்டிமீற்றரும் மூடமுடியாத திறப்பாகக் கேட்கிறது. உங்கள் வான் அந்த வகுப்பில்தான் வரும். இது வெறும் திறப்பின் பரப்பு. நுளம்பு வலை போட்டால் வலை நூலே பாதியை அடைக்கும், தூசி படிந்தால் இன்னும் குறையும். வலை போடுகிறவர்கள் இரண்டு மடங்கு வெட்டவேண்டும்.

கூரையில் வெட்ட மனமில்லாவிட்டால், முன்கதவுக் கண்ணாடி இரண்டையும் 2 சென்டிமீற்றர் இறக்கிவிடுங்கள். 40 சென்டிமீற்றர் நீளத்துக்கு ஒவ்வொன்றிலும் 80 சதுர சென்டிமீற்றர் கிடைக்கும். கதவுக்கு மேல் வெதர் சீல்ட் பூட்டியிருந்தால் மழையும் உள்ளே வராது. பஞ்சிகாவத்தையில் கேடிஎச் அளவுக்கே கிடைக்கும். கீழ்த்துவாரத்தைத் தரையில் போடும்போது புகைமுனை இருக்கும் பக்கத்தைத் தவிருங்கள்.

2024.12.17, மருதானை

நுளம்பு என்றதும் நினைவுக்கு வந்தது. கொழும்புப் பழக்கத்தில் வானுக்குள் நுளம்புச் சுருள் கொளுத்தவேண்டாம். மேலே குளிரில் நுளம்பு குறைவு, சுருளோ இரவு முழுக்கக் கனன்று புகைவது. வலை போதும்.

2024.12.20, மாளிகாவத்தை

எஞ்சினை ஓடவிட்டு வானின் சொந்த ஹீற்றரைப் போட்டால் ஒரு செலவும் இல்லையே.

2024.12.20, மருதானை

ஓடிக்கொண்டு வரும்போது போடுங்கள், நல்லது. ரம்பொடை ஏற்றத்தில் இருந்தே உள்ளே சூடாக்கிக்கொண்டு வரலாம். ஆனால் முதலில் வேலை செய்கிறதா பாருங்கள். நம் ஊரில் பலர் ஹீற்றருக்குப் போகும் தண்ணீர்க் குழாய்களை இடையில் இணைத்து விட்டுவிடுவார்கள். கராஜில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்வார்கள்.

நிறுத்தி வைத்து, எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கக்கூடாது. சைலன்சர் பின்னால் முடிகிறது. பின்கதவு ரப்பர் பழசானால் அந்த இடத்தில்தான் முதலில் விரியும். சுவருக்கோ மண்திட்டுக்கோ முதுகு காட்டி நிறுத்தினால் புகை திரும்பி அடியில் தேங்கும். பக்கத்து வான் எஞ்சினை ஓடவிட்டிருந்தாலும் இதே கதைதான், கூரையில் விசிறி இருந்தால் அது அந்தப் புகையை உள்ளே இழுக்கும்.

2024.12.21, தெஹிவளை

விடுதி வளவில் நிறுத்துவதென்றால் மின்சாரம்தான் ஆகச் சிறந்தது. 1 கிலோவாட் விசிறி ஹீற்றர் 4.3 அம்பியர்தான். எரிவது ஒன்றுமில்லை, புகை இல்லை, ஈரம் இல்லை. கவனிக்கவேண்டியது வயர். பழைய விடுதிகளில் 5 அம்பியர் உருண்டைப் பின் சொக்கட் இருக்கும். அதில் 2 கிலோவாட் போட்டால் 8.7 அம்பியர், சொக்கட் உருகும். 1.5 சதுர மில்லிமீற்றர் வயர், சுருளில் இருந்தால் முழுவதையும் அவிழ்த்துவிடுங்கள், சுருட்டிய வயர் தன் சூட்டிலேயே உருகும். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் ஈரத் தரையில் நிற்கும் வானை மாட்டவேண்டாம்.

பற்றரியில் இன்வேர்ட்டர் போட்டு மின் ஹீற்றர் ஓட்டுவது நடக்காது. 1 கிலோவாட்டுக்கு 12 வோல்ட்டில் 90 அம்பியருக்கு மேல். 100 அம்பியர்-மணி பற்றரி அரை மணித்தியாலம் தாங்கினால் பெரிய காரியம். அதே பற்றரியில் 12 வோல்ட் மின்போர்வை 4 அல்லது 5 அம்பியரில் இரவின் பெரும்பகுதி ஓடும். ஆளைச் சூடாக்குவது காற்றைச் சூடாக்குவதைவிட மலிவு. வெந்நீர்ப் பை இரண்டு இருந்தால் மகனுக்கு அதுவே போதும், துணி சுற்றிக் கொடுங்கள்.

2024.12.23, வெள்ளவத்தை

2 கிலோவாட் டீசல் வாங்கிவிட்டேன், கட்டிலுக்கு அடியில் பூட்டியாயிற்று. அலாரம் எங்கே வைப்பது? ஒருவர் மொனொக்சைட்டு பாரம், கீழே வை என்கிறார். மற்றவர் மேலே என்கிறார்.

2024.12.23, மருதானை

இரண்டு பேரும் இரண்டு வாயுக்களைக் குழப்புகிறார்கள். சமையல் காஸ் பாரம். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. அதற்கான அலாரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். மொனொக்சைட்டின் பாரம் காற்றின் பாரத்தோடு ஏறக்குறையச் சமம், எங்கும் கலந்து நிற்கும். அது தலை இருக்கும் இடத்தில், படுத்திருக்கும் மூக்கின் மட்டத்தில், ஹீற்றரிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி. துவாரத்தின் வாயிலோ திரைக்குப் பின்னாலோ வைத்தால் பலனில்லை.

வாங்கும்போது ஈஎன் 50291 என்று இருக்கிறதா பாருங்கள், மொனொக்சைட்டு அலாரத்துக்கான ஐரோப்பியத் தரம் அது. முடிவில் 2 என்று இருந்தால் வாகன அதிர்வுக்கும் சோதித்தது. 50 பிபிஎம்மில் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 100இல் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300இல் 3 நிமிடத்துக்குள் அலறவேண்டும். எண் காட்டும் திரை இருந்தால் இன்னும் நல்லது, அலறுவதற்கு முன்பே 20, 30 என்று ஏறுவது தெரியும். பொத்தானை அமுக்கும்போது வரும் சத்தம் ஒலிப்பானையும் பற்றரியையும் மட்டுமே சோதிக்கிறது. உள்ளே சென்சர் செத்திருந்தாலும் அலறும். பின்பக்கத்தில் அச்சிட்ட காலாவதி ஆண்டைத்தான் நம்பவேண்டும்.

2024.12.26, கொட்டாஞ்சேனை

இரவில் ஹீற்றர் போடாமலே மொனொக்சைட்டு அலாரம் அடிக்கிறது. சூரியத் தகட்டுக்குப் பதிலாக மெயின்ஸ் சார்ஜரில் பற்றரியை விட்டிருந்தேன். அலாரம் பழுதா?

2024.12.26, மருதானை

பழுதில்லாமல் இருக்கலாம். ஈய-அமிலப் பற்றரி மிகையாகச் சார்ஜ் ஆகும்போது ஐதரசன் விடும். மொனொக்சைட்டு சென்சர் ஐதரசனையும் மொனொக்சைட்டாகவே படிக்கும். அதற்காக அலாரத்தைக் கழற்றவேண்டாம். ஐதரசன் 4 சதவீதத்தில் தீப்பிடிக்கும் வாயு. சார்ஜரின் வோல்ட்டைப் பாருங்கள், பற்றரிப் பெட்டிக்கு வெளியே போகும் குழாய் போடுங்கள். எதனால் என்று யோசிப்பது எல்லோரும் வெளியே வந்த பிறகு.

அலறினால்: கதவைத் திற, பிள்ளையைத் தூக்கு, வெளியே வா. ஹீற்றரை அணைப்பது அதன்பிறகு. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் யாருக்காவது இருந்தால் 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து ஒட்சிசன் வேண்டும் என்று சொல்லுங்கள். கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல் ஒட்சிமானியை நம்பவேண்டாம். மொனொக்சைட்டு ஏறிய குருதியையும் அது ஒட்சிசன் ஏறியதாகவே படிக்கும், 98 காட்டிக்கொண்டே ஆள் மயங்குவார். சாதாரணக் காற்றில் மொனொக்சைட்டு பாதியாகக் குறைய 4 முதல் 6 மணித்தியாலம் ஆகும். முகமூடியில் முழு ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம்.

2025.01.03, தெஹிவளை

வானுக்குள் காஸ் சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2.3 கிலோவோ 5 கிலோவோ, நிமிர்த்தியே வையுங்கள், படுக்கவைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். சிலிண்டர் பெட்டி வானின் உட்பக்கத்துக்கு முழுக்க அடைபட்டு, அடியில் மட்டும் வெளியே திறக்கவேண்டும். 10க்கு 10 சென்டிமீற்றர் ஓட்டை என்று வையுங்கள். 2021 நவம்பர், டிசம்பரில் வீடுகளில் அடுத்தடுத்து காஸ் வெடிப்புகள் நடந்தபோது எல்லோரும் புரோப்பேன் விகிதத்தைப் பற்றிப் பேசினோம். 30 பாகை வெயிலில் தனிப் புரோப்பேனின் அழுத்தம் பியூட்டேனின் மூன்று, நான்கு மடங்கு, அதனால் புரோப்பேன் கூடக்கூடச் சிலிண்டரின் உள்ளழுத்தமும் கூடும். கொழும்பில் வெயிலில் நிற்கும் வானில் பழைய வாஷரும் குழாயும் கசிவது அப்போதுதான். புறப்படும் முன் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள்.

2025.01.20, வெள்ளவத்தை

போய் வந்தாயிற்று. கண்ணாடி இரண்டும் 2 சென்டிமீற்றர் திறந்தபடி. அலாரத் திரையில் இரண்டு இரவும் 0. இனி ஏப்ரல் வரை வான் வீட்டில்தான் நிற்கும். ஹீற்றருக்கு ஏதாவது செய்யவேண்டுமா?

2025.01.20, மருதானை

மாதம் ஒருமுறை, கதவெல்லாம் திறந்து, 20 நிமிடம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். பம்ப் காயாது, கரியும் எரியும். வானை நிறுத்தும் இடத்தில் காய்ந்த புல் இருக்கக்கூடாது, புகைமுனை அதைப் பற்றவைக்கும்.

வேட்டுவன் குளவியையும் மறக்கவேண்டாம். 24 மில்லிமீற்றர் குழாய் அதற்கு அளவெடுத்த வீடு. இரண்டு வாரத்தில் மண்ணால் அடைத்துவிடும். எரிகாற்றுக் குழாய் அடைபட்டால் சுடர் புகைந்து மொனொக்சைட்டு கூடும், புகைக்குழாய் அடைபட்டால் மூட்டுகள் வழியே தள்ளும். இரண்டு வாயிலும் மெல்லிய கம்பிவலை கட்டாதீர்கள், அதில் கரி படிந்து அதுவே அடைக்கும். நிறுத்தி வைக்கும் நாட்களில் மட்டும் ரப்பர் மூடி போட்டு, அந்த மூடிகளோடு ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி, நாடாவின் மறுமுனையை உள்ளே கொண்டுவந்து ஹீற்றர் சுவிட்சில் சுற்றிவிடுங்கள்.